ஒருமுறை டெங்கு வந்தால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாதா? இரண்டாவது டெங்குவுக்கு ஏன் கூடுதல் பயம்?

யாங்கோன் தாமுவே பகுதியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி: "என் மூத்த பையனுக்கு ஏழு வயசுல டெங்கு வந்து சரியாச்சு. இப்ப ஒன்பது வயசு, 24 கிலோ. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரு டெங்குன்னு ஆஸ்பத்திரியில இருக்காங்க. தட்டம்மை ஒரு தடவை வந்தா மறுபடி வராதுல்ல, அதே மாதிரி இவனுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும்னு தைரியமா இருந்தேன். டாக்டர் 'முன்னாடி வந்த பிள்ளைன்னா இன்னும் கவனமா இருங்க'ங்கிறார். எதிர்ப்புச் சக்தி எப்படிக் கெடுதலாகும்? கைக்குழந்தைக்கு ஏழு மாசம், தாய்ப்பால் குடிக்குது. அதுக்கு என்ன?"

டாக்டர் சொன்னது சரி. உங்கள் பையனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருப்பதும் உண்மை. ஆனால் அது ஒரு வகை டெங்குவுக்கு மட்டும் வந்தது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு: டெங்கு-1, 2, 3, 4. நான்குமே பர்மாவில் சுற்றுகின்றன. முன்பு வந்த அதே வகை மறுபடி வந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பு முழுதாகப் பொருந்தாது, பாதி பொருந்தும். சிக்கல் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

முதலில் தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். 1846இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவி ஊரே படுத்தது. அதற்கு முன் அங்கே தட்டம்மை வந்தது 1781இல். அந்த 65 வருடம் முந்தைய நோயில் தப்பிப் பிழைத்த முதியவர்கள் யாருக்கும் 1846இல் தட்டம்மை வரவில்லை என்று பேனும் என்ற டேனிஷ் மருத்துவர் பதிவு செய்தார். உடம்பின் நினைவு அவ்வளவு காலம் நிற்கும். தட்டம்மை வைரஸ் எங்கே போனாலும் ஒரே வகைதான் என்பதால் அந்த நினைவு எப்போதும் சரியாகப் பொருந்துகிறது. டெங்குவிலும் நினைவு நீண்ட காலம் நிற்கிறது. ஆனால் எதிரே வந்து நிற்கும் வைரஸ் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கலாம்.

டெங்கு வைரஸ் சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள உருண்டை. சாதாரண பாக்டீரியாவில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளே ஒரே ஒரு ஆர்என்ஏ இழை. அதில் மொத்தமே பத்துப் புரதங்களுக்கான குறிப்புகள். தானாகப் பெருக அதற்கு வழியில்லை, நம் செல்லுக்குள் புகுந்து அந்தச் செல்லின் வேலையாட்களை வைத்துத்தான் பெருக வேண்டும். ஆன்டிபயாடிக் இதில் வேலை செய்யாததற்குக் காரணமும் இதுதான். ஆன்டிபயாடிக் தாக்குவது பாக்டீரியாவின் சுவரையும் அதன் சொந்த இயந்திரங்களையும். வைரஸுக்கு அவை கிடையாது. வைரஸ் உருண்டையின் மேல் 'ஈ' என்ற புரதம் 180 எண்ணிக்கையில் ஓடு போலப் பதிந்திருக்கும். அதைப் பிடித்துத்தான் நம் உடம்பு வைரஸை அடையாளம் காண்கிறது. நான்கு வகைகளுக்கும் இந்த ஓட்டில் சில இடங்கள் ஒன்றுபோல இருக்கும், சில இடங்கள் மாறியிருக்கும்.

கொசு கடித்த இடத்தில் தோலிலேயே காவல் செல்கள் உண்டு. வைரஸ் முதலில் புகுவது அவற்றுக்குள்தான். அந்தச் செல்கள் சில மணி நேரத்திலேயே இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து, பக்கத்துச் செல்களை வைரஸ் பெருக இடம் கொடுக்காத நிலைக்குக் கொண்டுவருகின்றன. பிறகு எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் இடமான அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேர்கின்றன. கடித்த நாளிலிருந்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் அடிக்கும். வெள்ளையணுக்கள் சுரக்கும் பொருள்கள் மூளையில் உடல்சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்தைத் தூண்டுவதால் வருவது அந்தக் காய்ச்சல். எலும்பை முறிப்பது போன்ற வலியும் பெரும்பாலும் இந்தப் பொருள்களால்தான்.

நிணநீர்க் கணுவில் நடப்பது நிதானமான வேலை. நம் உடம்பில் கோடிக்கணக்கான பி-செல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வடிவத்தை மட்டும் பிடிக்கும். இந்த வைரஸின் ஓட்டைப் பிடிக்கக்கூடியவை எவையோ அவை மட்டும் பெருக ஆரம்பிக்கும். வைரஸைப் பிடிக்க அவை சுரக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள் வாக்கில் ஐஜிஎம் என்ற முதல் ஆன்டிபாடி ரத்தத்தில் தெரியும். ஐஜிஜி என்ற அடுத்த ஆன்டிபாடி வர இன்னும் சில நாள் ஆகும். கூடவே டி-செல்கள் வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும். ஒரு வாரத்தில் வைரஸ் ரத்தத்தை விட்டுப் போய்விடும். இந்தப் பி-செல்களில் சில எலும்பு மஜ்ஜையில் தங்கி வருடக்கணக்கில் ஐஜிஜியைச் சுரந்துகொண்டே இருக்கும். இன்னும் சில நினைவுச் செல்களாகக் காத்திருக்கும். முதல் டெங்கு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். பலருக்குக் காய்ச்சல் வந்ததே தெரியாமல் போகும். உங்கள் பையனுக்கு ஏழு வயதில் வந்ததுதான் முதல் டெங்கு என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது.

முதல் நோய்க்குப் பிறகு சில மாதங்களுக்கு, ஆன்டிபாடி ரத்தத்தில் நிறைய இருக்கும்வரை, மற்ற வகைகளும் அண்டுவதில்லை. பிறகு அளவு இறங்கும். அப்போது வேறு வகை டெங்கு வந்தால், பழைய ஆன்டிபாடி அதன் ஓட்டில் பொதுவான இடங்களில் போய் ஒட்டும். ஆனால் வைரஸை முடக்கும் அளவுக்குப் பொருத்தமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ஆன்டிபாடியின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொள்ள மோனோசைட், மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்களில் கொக்கி போன்ற ஏற்பிகள் உண்டு. ஆன்டிபாடி ஒட்டிய எதையும் விழுங்கிச் செரிப்பது அவற்றின் அன்றாட வேலை. டெங்கு வைரஸ் பெருகுவதோ இந்தச் செல்களுக்குள்ளேதான். திருடனைப் பிடித்த காவலாளி விலங்கு பூட்டாமல் கஜானா அறைக்குள்ளேயே கொண்டுவந்து விட்டதற்குச் சமம் இது. செல்லுக்குள் இருக்கும் பையில் அமிலம் ஏறியதும் வைரஸ் அந்தப் பையின் சவ்வோடு ஒட்டித் துளைத்து வெளியே வந்துவிடுகிறது. ஆன்டிபாடி வழியாக உள்ளே வரும்போது அந்தச் செல்லின் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையும் மந்தமாகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வைரஸின் அளவு ஏறுகிறது, அதை அழிக்க உடம்பு காட்டும் எதிர்வினையும் ஏறுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. கியூபாவில் 1977இல் டெங்கு-1 பரவியது, கடுமையான நோய் கிட்டத்தட்ட இல்லை. 1981இல் டெங்கு-2 வந்தது: 3,44,203 பேருக்கு நோய், 158 மரணம். பிறகு 1997இல் அதே நாட்டின் சாந்தியாகோ நகரில் மறுபடி டெங்கு-2 வந்தபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள். இருபது வருடம் முன்பு டெங்கு-1 கண்டவர்கள். அந்த முதல் பரவலுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தப்பினார்கள். அளவும் முக்கியம் என்பதை நிகராகுவாவில் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆன்டிபாடி நிறைய இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு. அறவே இல்லாதவர்களுக்கும் ஆபத்து குறைவு. இடைப்பட்ட குறைந்த அளவில் இருந்தவர்களுக்குத்தான் கடுமையான டெங்கு அதிகம்.

பிலிப்பைன்ஸில் நடந்ததும் இதே காரணத்தால்தான். 2016இல் டெங்வாக்சியா தடுப்பூசி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. அதற்கு முன் டெங்குவே வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசி முதல் டெங்கு போல வேலை செய்து, பின்னால் வரும் நிஜ டெங்குவை மோசமாக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் தெரியவந்து திட்டம் நிறுத்தப்பட்டது. இதைக் கேட்டு மற்றத் தடுப்பூசிகளைச் சந்தேகப்பட வேண்டாம். தட்டம்மை, போலியோ, தொண்டை அடைப்பான் ஊசிகளில் இந்தப் பிரச்சினை இல்லை.

பயத்துக்கும் ஒரு அளவு வேண்டும். இரண்டாவது டெங்கு வந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடிவிடுகிறார்கள். நூறில் சிலருக்குத்தான் கடுமையாகிறது. அந்தச் சிலரையும் நேரத்தில் கண்டுபிடித்துத் திரவத்தைச் சரியாகக் கொடுத்தால் காப்பாற்றிவிடலாம். ஆகவே எதைக் கவனிப்பது, எந்த நாளில் கவனிப்பது என்று தெரிந்திருப்பதுதான் உங்களுக்குத் தேவை.

காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாகக் காலண்டரில் குறித்துவையுங்கள். முதல் மூன்று நாள் காய்ச்சல் கொதிக்கும், பிள்ளை துவண்டு கிடக்கும், வீட்டில் எல்லாரும் பயந்துபோவார்கள். உண்மையான ஆபத்து பெரும்பாலும் அப்போது இல்லை. நான்காம் நாள் முதல் ஆறாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. வைரஸ் குறைந்துகொண்டிருக்கிறது, டி-செல்களும் அவை சுரக்கும் பொருள்களும் உச்சத்தில் இருக்கின்றன, வைரஸ் சுரந்த என்எஸ்1 என்ற புரதமும் சேர்ந்து நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்பூச்சைத் தளர்த்துகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாயை விட்டு வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். மற்றவர் பயப்படும், வெளியே தெரியும் ரத்தப்போக்கு பல நேரம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பர்மியர் 'துவே லுன் தொக்குவே' என்று சொல்வதும் இதே நோய்தான். யாங்கோனில் அது முதன்முதலாகப் பெரிய அளவில் பரவியது 1970இல்.

காய்ச்சல் இறங்கிய பிள்ளை பசிக்குது என்று கேட்டு, எழுந்து உட்கார்ந்து விளையாடினால் நிம்மதி. காய்ச்சல் இறங்கியும் சோர்வு கூடினால், கை கால் சில்லென்று இருந்தால், வயிறு விடாமல் வலித்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், எரிச்சலும் அமைதியின்மையுமாக இருந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தால், இவற்றில் ஒன்று போதும், உடனே ஆஸ்பத்திரி. விரல் நுனியை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்த்தால் மேல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 100/85 என்று வந்தால் 'நூறு இருக்கே' என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 15தான். அந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே போனால் அது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலை (ஷாக்). அந்த நிலையிலும் பிள்ளை தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும் என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ரத்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை, என்எஸ்1 சோதனை முதல் ஐந்து நாளில்தான் பயன்படும். இரண்டாவது டெங்குவில் பழைய ஆன்டிபாடி என்எஸ்1-ஐப் பிடித்து மறைத்துவிடக்கூடும், அதனால் 'இல்லை' என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒருமுறை முழு ரத்த எண்ணிக்கை பாருங்கள். முதலில் வெள்ளையணு 5,000க்குக் கீழே இறங்கும், பிறகு தட்டணு (பிளேட்லெட்) 1,00,000க்குக் கீழே போகும், அதோடு ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற எண், ஏறும். எல்லாரும் தட்டணுவையே பார்க்கிறார்கள், நான் பார்க்கச் சொல்வது ஹெமட்டோக்ரிட்டை. பிளாஸ்மா கசிந்தால் ரத்தம் கெட்டிப்படும், அந்த எண் ஏறும். முதல் சோதனையில் 36 இருந்த பிள்ளைக்கு 43 வந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது, கசிவு நிச்சயம். ஆய்வகத்தில் ஹீமோகுளோபின் மட்டும் கொடுத்தால் அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், தோராயமாக ஹெமட்டோக்ரிட் வரும். தட்டணு குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதால் பயனில்லை என்று சிங்கப்பூர், மலேசியாவில் பெரியவர்களிடம் நடந்த சோதனை 2017இல் காட்டியது. ஆபத்துக் கட்டம் தாண்டியதும் தட்டணு தானாகவே ஏறும். பப்பாளி இலைச் சாறு குடித்து ஏறியது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த ஏழாம், எட்டாம் நாள் ஏற்றத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். கசப்பில் வாந்தி எடுத்து உள்ளே இருக்கும் நீரையும் இழப்பதுதான் அதில் என் கவலை.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. 24 கிலோ பையனுக்கு 500 மி.கி. மாத்திரையில் பாதி சரியாக இருக்கும். சிரப் என்றால் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு. முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லி. மாற்றிக் கொடுத்தால் இரட்டிப்பு மருந்து போய்விடும், ஏற்கெனவே டெங்குவில் அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு அது தாங்காது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் வேண்டாம். ரத்தப்போக்கைக் கூட்டும். நம் தெருக்கடைகளில் நாலைந்து மாத்திரையைப் பெயர் தெரியாமல் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தை மழைக்காலத்தில் தொடவே தொடாதீர்கள். அதில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். காய்ச்சல் சட்டென்று விழும், ஆபத்து மறைந்திருக்கும்.

உங்கள் பையன் எடைக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் திரவம் தேவை. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஓஆர்எஸ், உப்புப் போட்ட கஞ்சி, இளநீர், பருப்புத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி, வாந்தி இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். சிவப்பு, கறுப்பு நிறக் குளிர்பானம் வேண்டாம், வாந்தியில் ரத்தம் வந்தாலும் தெரியாமல் போகும். நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கு 'டிரிப் ஏத்துங்க' என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். கசிந்த பிளாஸ்மா இரண்டு நாளில் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

கொசு விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் மாலை மங்கும் முன்பும். நோயாளியைக் கடித்த கொசு 8 முதல் 12 நாளில் அடுத்தவருக்குப் பரப்பத் தயாராகும். அதனால் காய்ச்சல் இருக்கும்வரை நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்கவையுங்கள். மின்சாரம் போய் மோட்டார் ஓடாது என்று ட்ரம்மில் தண்ணீர் பிடித்துவைக்காத வீடு நம் ஊரில் இல்லை. மூடி வைத்தாலும் விளிம்பில் இடைவெளி இருந்தால் போதும் அதற்கு. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது, வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவ முடியாத 200 லிட்டர் ட்ரம்முக்கு கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு சதவீத அபேட் மணல் 20 கிராம். சாமி அலமாரியில் பூ வைத்த செம்பும் புத்தர் படத்தின் முன் இருக்கும் ஜாடியும் மறந்துபோகும் இடங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக் கழுத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள்.

இனி கைக்குழந்தை. இந்த ஊரில் வளர்ந்த உங்களுக்கு டெங்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் உங்கள் ஐஜிஜி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கும். பிறந்த முதல் சில மாதம் அது நிறைய இருந்து காக்கும். ஆறு மாதத்துக்கு மேல் குறைந்து, மேலே சொன்ன ஆபத்தான இடைப்பட்ட அளவுக்கு வரும். அதனால் அந்தக் குழந்தைக்கு முதல் டெங்குவே இரண்டாவது டெங்கு போல நடந்துகொள்ளலாம். 6 முதல் 9 மாதக் குழந்தைகளிடம் இது நன்றாகத் தெரிந்த விஷயம். இதற்கும் தாய்ப்பாலுக்கும் சம்பந்தமில்லை. தாய்ப்பாலில் முக்கியமாக இருப்பது ஐஜிஏ என்ற வேறு ஆன்டிபாடி, அது குடலில் வேலை செய்வது. பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், காய்ச்சல் வந்தால் இன்னும் அடிக்கடி கொடுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு வயிற்று வலியைச் சொல்லத் தெரியாது, மூக்கடைப்பும் வயிற்றுப்போக்கும் இருந்து சாதாரணச் சளி போலவே தோன்றும். ஆகவே பெரியவனுக்குச் சொன்ன நாள் கணக்கை இதற்குப் பார்க்க வேண்டாம். மழை மாதங்களில் இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால், அன்றைக்கே, பெரியவனுக்கு டெங்கு வந்ததையும் உங்களுக்கு வந்திருக்கலாம் என்பதையும் சொல்லி, பிள்ளைகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.